சும்மா இருக்கும்போது உறைந்துபோகும் லேப்டாப்: பே டிரெயில் செயலியில் லினக்ஸை நிலையாக ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்த பிறகு, பரணில் கிடந்த லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு லினக்ஸ் ஏற்றித் தரச் சொல்லி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். அவற்றில் ஒரு ரகம் மட்டும் திரும்பத் திரும்பத் தகராறு செய்யும். உள்ளே செலரான் என்2830, என்2840, பென்டியம் என்3540, ஆட்டம் இசட்3735எஃப் மாதிரி ஏதாவது ஒரு செயலி இருக்கும். எல்லாமே இன்டெலின் பே டிரெயில் குடும்பம். விண்டோஸோடு விற்கப்பட்ட பெட்டிகள் இவை. லினக்ஸ் ஓடினால் ஓடட்டும், ஓடாவிட்டால் தயாரித்தவரிடம் போய் நிற்க முடியாது.

லினக்ஸ் நன்றாகத்தான் ஏறும். வைஃபை கிடைக்கும், ஒலி வரும், கொண்டுவந்தவர் சந்தோஷமாக எடுத்துப் போவார். மறுநாள் போன் வரும்: திரை அப்படியே நின்றுவிட்டது, எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை.

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா இதை என்னைவிடத் தெளிவாகச் சொன்னார்: “வேலை செய்யும்போது ஒண்ணும் ஆகல தம்பி. ஆள் வராம சும்மா கிடக்கும்போதுதான் நின்னுபோகுது.” நோய் என்னவென்று பாதி அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. செயலி ஓய்வெடுக்கப் போகும்போதும் ஓய்விலிருந்து எழும்போதும்தான் இந்த வழுக்கல். மீதிப் பாதியைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். மாற்றியவர்கள்தான் அதிகம் அலைந்தார்கள்.

உபுண்டு, மின்ட், டெபியன் என்ற மூன்று லினக்ஸ் வகைகளையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். கோடு, அடிக்கோடு, சாய்கோடு, இடைவெளி எல்லாம் இங்கே இருப்பது போலவே இருக்க வேண்டும். ‘மேக்ஸ்_சிஸ்டேட்’ என்று வரும் இடத்தில் ‘சி’ என்பது ஒற்றை எழுத்து. அதை ஒட்டியே, இடைவெளி விடாமல், நிலை என்று பொருள்படும் ‘ஸ்டேட்’ வரும். தனியாக வரும் ‘பி’ ஆங்கிலத்தில் ஏ-வுக்கு அடுத்த எழுத்து, ‘-டி’ சி-க்கு அடுத்த எழுத்து. ‘கேட்’ என்பது பூனைக்கான ஆங்கிலச் சொல்.

1. இது அதே நோய்தானா என்று பாருங்கள்

முதலில் செயலி. டெர்மினலைத் திறந்து இதை அடியுங்கள்:

எல்எஸ்சிபியு

வரும் பட்டியலில் குடும்ப எண் 6, மாடல் எண் 55 என்று இருந்தால் பே டிரெயில். மாடல் 76 என்றால் அதற்கு அடுத்து வந்த பிராஸ்வெல் தலைமுறை. அதன் ஓய்வு நிலைகள் வேறு, இங்கே சொல்லும் எண்களை அதில் அப்படியே போடக்கூடாது. லேப்டாப்பின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ‘பென்டியம்’ என்ற ஒரே பெயரில் பல தலைமுறைகள் விற்றிருக்கிறார்கள்.

அடுத்து, உறைவின் தன்மை. இந்த நோயில் மவுஸ் அம்பு நகராது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் கடைசித் துணுக்கு மட்டும் ‘ர்ர்ர்’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும். கேப்ஸ் லாக் விளக்கு மாறாது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் கறுப்புத் திரை வராது. மின்பொத்தானை நீளமாக அழுத்தி அணைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

கேப்ஸ் லாக் விளக்கு மாறுகிறது, ஆனால் திரை மட்டும் நிற்கிறது என்றால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் உயிரோடுதான் இருக்கிறது. அது டெஸ்க்டாப் அல்லது கிராஃபிக்ஸ் கோளாறு. அதற்கு இந்த வழிகாட்டி உதவாது.

இன்னொரு சோதனையும் உண்டு. ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்று நிதானமாக ஒவ்வொன்றாக அழுத்துங்கள். கர்னல் விழித்திருந்தால் வட்டில் எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டு மறுதொடக்கம் ஆகும். ஆறு எழுத்து அழுத்தச் சொல்லும் குறிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். உபுண்டுவில் இந்த வசதிக்கு இயல்பாக 176 என்ற மதிப்புதான் தரப்பட்டிருக்கிறது. அது 16, 32, 128 மூன்றின் கூட்டு. அந்த மூன்றும் இந்த மூன்று எழுத்துகளுக்கு உரியவை, மற்ற எழுத்துகள் வேலை செய்யாது. சில லேப்டாப்பில் பிரின்ட் ஸ்கிரீனுக்கு எஃப்என் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

மறுபடி இயக்கியதும் போன தடவையின் பதிவைப் பாருங்கள்:

ஜர்னல்சிடிஎல் -பி -1 -இ

கர்னல் பிழைச் செய்தி ஏதாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போங்கள். இந்த நோயில் பொதுவாக ஒன்றுமே இருக்காது. சாதாரண வரிகள் வந்துகொண்டிருக்கும், சட்டென்று நின்றிருக்கும். பாதிப் பேச்சில் போன் கட் ஆன மாதிரி.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

லைவ் லினக்ஸ் உள்ள ஒரு பென்டிரைவ். அமைப்பைக் கெடுத்துக்கொண்டால் உள்ளே போக இதுதான் கதவு. பே டிரெயில் டேப்லெட்டுகள் சிலவற்றிலும், திரை கழற்றும் வகை லேப்டாப்புகள் சிலவற்றிலும் செயலி 64-பிட்டாக இருந்தாலும் பெட்டியைத் தொடங்கிவைக்கும் உள்மென்பொருளான யுஇஎஃப்ஐ 32-பிட்டாக இருக்கும். அதில் சாதாரண பென்டிரைவ் கண்ணுக்கே தெரியாது. டெபியன் நிறுவி அதற்கும் இடம் கொடுத்திருக்கிறது.

முக்கியக் கோப்புகளின் நகல். ஒவ்வொரு உறைவும் ஒரு திடீர் மின்வெட்டுக்குச் சமம். சோதிக்கும் நாட்களில் இன்னும் சில தடவை உறையத்தான் செய்யும்.

ஒரு நோட்டு, ஒரு பேனா. எந்த நாள், எத்தனை மணிக்கு உறைந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுத வேண்டும். எதையும் மாற்றுவதற்கு முன்பே, குறைந்தது மூன்று உறைவுகளாவது நோட்டில் ஏறட்டும். இது எதற்கு என்பது ஏழாவது படியில் தெரியும். இந்த ஒரு வேலையைத்தான் யாரும் செய்வதில்லை.

3. மற்ற சந்தேகங்களை முதலில் தீர்த்துவிடுங்கள்

உறைவு என்றாலே செயலிதான் என்று நேரடியாக அமைப்பில் கை வைக்காதீர்கள். ராம் கெட்டிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலின் பதிப்பு 6 அல்லது அதற்குப் பிந்தையதைப் பென்டிரைவில் போட்டு ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் ராமை மாற்றிவிட்டு அப்புறம் மேலே போங்கள்.

ராமைப் பற்றி ஒரு குறிப்பு. லேப்டாப் வகை பே டிரெயில் செயலிகள் கேட்பது 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல். ‘மெமரி கூட்டித் தருகிறேன்’ என்று பழைய லேப்டாப்பில் கழற்றிய 1.5 வோல்ட் டிடிஆர்3 குச்சியைச் செருகிவிடுகிறவர்கள் உண்டு. குச்சியின் மேல் ‘பிசி3எல்’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘எல்’ இல்லையென்றால் அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதியுங்கள்.

பிறகு கர்னல்:

யுநேம் -ஆர்

4-இல் தொடங்கும் பதிப்பு வந்தால் மற்றதை எல்லாம் நிறுத்திவிட்டு இயங்குதளத்தைப் புதுப்பியுங்கள். பே டிரெயிலில் கிராஃபிக்ஸும் உள்ளே இருக்கும் மின்மேலாண்மைப் பகுதியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் பிழைகள் பல பின்வந்த கர்னல்களில் சரிசெய்யப்பட்டன. டெபியன் 12-இல் 6.1, உபுண்டு 24.04-இல் 6.8, டெபியன் 13-இல் 6.12 வருகிறது. புதுப்பித்ததோடு நோய் போய்விட்ட பெட்டிகள் நிறைய. அப்படியானால் மீதியைப் படிக்கத் தேவையில்லை.

செயலிக்குள்ளேயே ஓடும் உள்கட்டளைத் தொகுப்பான மைக்ரோகோடும் புதிதாக இருக்கட்டும்:

சுடோ ஏபிடி இன்ஸ்டால் இன்டெல்-மைக்ரோகோட்

டெபியன் 12-இலிருந்து இந்தத் தொகுப்பு இலவசமல்லாத ஃபர்ம்வேர் பிரிவில் இருக்கிறது. கிடைக்கவில்லை என்று வந்தால் மென்பொருள் மூலப் பட்டியலில் அந்தப் பிரிவை இயக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். பெட்டியைத் தொடங்கிவைக்கும் பயாஸுக்குப் புதிய பதிப்பு இருந்தால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள். மின்சாரம் போகாத நேரமாகப் பார்த்து, பேட்டரியும் சார்ஜரும் இரண்டும் இருக்கும்போது.

இவற்றை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கீழே வரும் மாற்றம் ஓர் அடக்குமருந்து. ராம் கெட்ட பெட்டியில் அதைப் போட்டால், உறைவின் நேரம் மட்டும் மாறி, குணமான மாதிரி போக்குக் காட்டும்.

4. உள்ளே என்ன நடக்கிறது

இதைத் தாண்டிப் போகலாம். ஆனால் படித்தவர்கள் எண்களைத் தப்பாகப் போடுவதில்லை.

வேலை இல்லாதபோது செயலி தூங்கும். எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறது என்பதைச் சி-நிலைகள் சொல்கின்றன. பே டிரெயிலில் இன்டெல்_ஐடில் என்ற கர்னல் பகுதி ஐந்து நிலைகளைப் பயன்படுத்துகிறது. சி1 கோழித்தூக்கம், எழ 1 மைக்ரோவினாடி போதும். சி6என் என்றால் 300, சி6எஸ் என்றால் 500, சி7 என்றால் 1200. கடைசியாகச் சி7எஸ், கும்பகர்ணன்: 10,000 மைக்ரோவினாடி. ஆழம் கூடக்கூட மின்சாரம் மிச்சமாகும், எழ நேரம் பிடிக்கும்.

சிக்கல் சி6-ஐச் சுற்றியே இருக்கிறது. இன்டெல் வெளியிட்ட பிழைப்பட்டியலில் விஎல்பி52 என்று ஒன்று உண்டு. கீபோர்டு, வட்டு, நெட்வொர்க் எல்லாம் செயலியை அவ்வப்போது ‘இங்கே பார்’ என்று கூப்பிடும். அதைக் கவனித்து முடித்ததும் செயலி ‘முடிந்தது’ என்று ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும். கவனிக்கத் தொடங்கிய பிறகு, குறிப்பை அனுப்புவதற்குள் கரு (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகுகளில் ஒன்று) சி6-க்குள் போனால் அந்தக் குறிப்பு போகாமலே நின்றுவிடலாம். அப்புறம் அதே முன்னுரிமையிலோ அதற்குக் கீழோ உள்ள எந்த அழைப்பும் உள்ளே வராது. டோக்கன் கவுண்டரில் இருப்பவர் ‘அடுத்தவர்’ என்று சொல்லாமலே கண்ணயர்ந்தால் வரிசை நகராது, இல்லையா? அதேதான்.

எல்லா உறைவுக்கும் இது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கிராஃபிக்ஸ் பக்கத்துப் பிழைகளும் கூட்டுச் சேர்ந்திருந்தன. லினக்ஸ் கர்னலின் பிழைப்பதிவில் 2015-இல் ஏறிய 109051 என்ற எண் இந்த விவகாரத்துக்குத்தான். வைத்தியம் எப்படியும் ஒன்றே: ஆழ்ந்த தூக்கத்தைத் தடுத்துப் பார்ப்பது.

5. ஒரே ஒரு தடவைக்கு மட்டும் போட்டுப் பாருங்கள்

எடுத்தவுடனே கோப்பில் நிரந்தரமாக எழுதாதீர்கள். லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் என்ற நிரலின் திரையில் தற்காலிகமாகப் போட்டால், தப்பானாலும் மறுதொடக்கத்தில் தானாகப் போய்விடும்.

லேப்டாப்பை இயக்கியதும் எஸ்கேப் பொத்தானைத் தட்டுங்கள். பழைய பயாஸ் முறையில் இயங்கும் பெட்டி என்றால் ஷிஃப்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிரப் பட்டியல் வரும். பதற்றத்தில் எஸ்கேப்பைப் பத்துத் தடவை தட்டினால் பட்டியலையும் தாண்டி வெறும் ‘கிரப்>’ என்று நிற்கும். புதியவர்கள் பெட்டி போய்விட்டது என்று பயப்படும் இடம் இது. ‘நார்மல்’ என்று அடித்து என்டர் தட்டினால் பட்டியல் திரும்பி வரும்.

மேலே உள்ள முதல் வரியில் நின்று ‘இ’ பொத்தானை அழுத்துங்கள். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் நீளமான வரி ஒன்று இருக்கும். அதன் கடைசிக்குப் போய், ஓர் இடைவெளி விட்டு, இதைச் சேருங்கள்:

இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1

எஃப்10 அழுத்தினால் இயங்கத் தொடங்கும்.

சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி கூடாது. அந்த 1-ஐயும் மாற்ற வேண்டாம். இந்த எண்ணில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ‘1-ஐவிட 0 இன்னும் பத்திரம்தானே’ என்று 0 போடுகிறவர்கள் உண்டு. 0 போட்டால் தூக்கம் நிற்காது, இன்டெல்_ஐடில் பகுதிதான் மொத்தமாக அணையும். அந்த இடத்துக்கு ஏசிபிஐ_ஐடில் என்ற வேறு பகுதி வந்து பயாஸ் சொல்லும் ஆழ்ந்த நிலைகளை எடுத்துக்கொள்ளும். மூடப் போன கதவு வேறு பக்கமாகத் திறந்துகொள்ளும்.

அடுத்த பொறி 2. ‘சி2 வரைக்கும் போகட்டும்’ என்று நினைத்துப் போடுகிறார்கள். இங்கே எண் என்பது நிலையின் பெயரல்ல, பட்டியலில் அதன் இடம். பே டிரெயில் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருப்பது சி6என். எதைத் தடுக்க வந்தோமோ அதையே உள்ளே விட்டதாகிவிடும்.

6. போட்டது ஏறியதா என்று பாருங்கள்

எழுத்துப்பிழை இருந்தால் இந்த அமைப்பை கர்னல் சத்தம் போடாமல் விட்டுவிடும். பிழைச் செய்தியும் வராது, பலனும் வராது. நீங்கள் மருந்து கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு மூன்று நாள் சோதிப்பீர்கள்.

இயங்கிய வரியை அப்படியே காட்டும் ‘/ப்ராக்/சிஎம்டிலைன்’ கோப்பைப் பார்க்கச் சொல்வார்கள். அது போதாது. நீங்கள் தப்பாக அடித்ததையும் அது பத்திரமாகத் திருப்பிக் காட்டும். கர்னல் எதை எடுத்துக்கொண்டது என்று அதனிடமே கேளுங்கள்:

கேட் /சிஸ்/மாட்யூல்/இன்டெல்_ஐடில்/பாராமீட்டர்ஸ்/மேக்ஸ்_சிஸ்டேட்

பதில் 1 என்று வர வேண்டும். 9 வந்தால் அது இயல்பு மதிப்பு, அதாவது நீங்கள் போட்டது ஏறவில்லை. ஐந்தாவது படிக்குத் திரும்புங்கள்.

கூடவே இதையும்:

கேட் /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு/சிபியுஐடில்/கரண்ட்_டிரைவர்

‘இன்டெல்_ஐடில்’ என்று வந்தால் சரி.

7. சோதனை: வேலை கொடுத்து அல்ல, சும்மா விட்டு

மிகப் பெரிய தவறு இந்தப் படியில்தான். கல்லூரியில் படிக்கும் ஒரு பையன், புத்திசாலி, அழுத்தச் சோதனை நிரலை ஆறு மணி நேரம் ஓட்டிவிட்டு ‘அண்ணா, பாறை மாதிரி நிக்குது’ என்று போன் செய்தான். எந்த மாற்றமும் செய்யாத பெட்டி அது! கருக்கள் எல்லாம் முழு வேலையில் இருந்தால் எதுவும் சி6 பக்கமே போகாது. தூங்காதவனுக்குத் தூக்கத்தில் நடக்கும் வியாதி எப்படித் தெரியும்? அன்று இரவே, பாட்டை நிறுத்திவிட்டுப் படுத்த பிறகு, உறைந்தது.

சோதனை இப்படி இருக்க வேண்டும்: கொஞ்சம் வேலை, கொஞ்சம் ஓய்வு, மாறி மாறி. ஒரு மணி நேரம் வீடியோ ஓடட்டும். பிரவுசரில் நாலு பக்கத்தைத் திறந்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். தானாகத் திரை அணைவதையும் உறக்கநிலைக்குப் போவதையும் சோதனை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் உறைந்ததா, உறங்குகிறதா என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

எத்தனை நாள்? இங்கேதான் நோட்டு. முன்பு சராசரியாக எத்தனை மணிக்கு ஒரு தடவை உறைந்ததோ, அதைப் போல மூன்று மடங்காவது உறையாமல் ஓட வேண்டும். நாளுக்கு ஒரு தடவை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் உறையும் பெட்டி, எந்த மருந்தும் இல்லாமலே மூன்று நாள் சும்மா இருக்க நூற்றில் ஐந்து வாய்ப்பு உண்டு. ஒரே நாள் என்றால் அது நூற்றில் 37. ஒரு நாள் பார்த்துவிட்டுச் ‘சரியாகிவிட்டது’ என்று சொன்னவர்கள் மறுவாரம் திரும்பி வந்ததற்குக் கணக்கு இதுதான்.

சோதனை நடக்கும்போது வேறு எதையும் மாற்றாதீர்கள். இணையத்தில் கண்ட ஐந்தாறு அமைப்புகளை ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். அதில் ‘ஐ915.எனேபிள்_ஆர்சி6=0’ கட்டாயம் இருக்கும். அந்த அமைப்பையே கர்னலிலிருந்து எடுத்துப் பல வருடமாயிற்று. இப்போது அது வெறும் அலங்காரம். ஐந்தையும் போட்டு உறைவு நின்றால் எது நிறுத்தியது என்று தெரியாது, எதையும் எடுக்கவும் பயமாக இருக்கும்.

இன்னொன்று. தற்காலிக அமைப்பு அந்த ஒரு இயக்கத்தோடு போய்விடும். சோதனை நாட்களில் மறுதொடக்கம் செய்தால் கிரப்பில் மறுபடியும் போட வேண்டும். மறந்துபோய் உறைந்தால் அந்த உறைவு கணக்கில் சேராது. நானே இரண்டு தடவை மறந்து, வைத்தியம் தோற்றுவிட்டது என்று முடிவு கட்டியிருக்கிறேன்.

8. நிரந்தரமாக எழுதுங்கள்

மூன்று மடங்கு தாண்டியதா? சரி, இப்போது கோப்பைத் திறக்கலாம்:

சுடோ நானோ /ஈடிசி/டிஃபால்ட்/கிரப்

‘ஈடிசி’ என்பது மூன்று எழுத்து. கோப்புக்குள் பெரிய எழுத்தில் ‘கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட்’ என்று ஒரு வரி இருக்கும். மேற்கோள்குறிகளுக்கு உள்ளே, ஏற்கனவே இருப்பதற்குப் பின், ஓர் இடைவெளி விட்டு ஐந்தாவது படியில் போட்டதையே சேருங்கள். கன்ட்ரோல்+ஓ, என்டர், கன்ட்ரோல்+எக்ஸ். பிறகு:

சுடோ அப்டேட்-கிரப்

இந்தக் கடைசிக் கட்டளையை விட்டால் கோப்பில் மாறியிருக்கும், இயக்கத்தில் மாறியிருக்காது. மறுதொடக்கம் செய்து ஆறாவது படியின் இரண்டு கேள்விகளையும் திரும்பக் கேளுங்கள்.

மேற்கோள்குறி வேறு எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டியதாக இருந்தால் சில நேரம் வளைந்த குறியாக இருக்கும். அது கோப்பைக் கெடுக்கும். கையால் அடியுங்கள்.

9. அடுத்து, சி6-ஐ மட்டும் அணைத்துப் பாருங்கள்

பலர் எட்டாவது படியோடு நிறுத்திவிடுகிறார்கள். சார்ஜரிலேயே கிடக்கும் பெட்டி என்றால் அதில் தப்பில்லை. ஆனால் கோழித்தூக்கம் மட்டுமே தூங்குகிற செயலி பேட்டரியை வேகமாகத் தின்னும். விசிறியே இல்லாத பெட்டிகளில் அடிப்பக்கம் சுடும். மடியில் வைப்பவருக்கு உடனே தெரியும்.

சி7-ஐயும் சி7எஸ்-ஐயும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள இரண்டு சி6-ஐ மட்டும் அணைத்தாலே பல பெட்டிகள் நிலையாக ஓடுகின்றன. ஆழம் அதிகமானது தொந்தரவு தராமல், அதைவிடக் குறைந்தது தருவது விநோதம்தான். ஆனாலும் முயன்று பார்க்கத் தகுந்தது. குட்டி ஓய்வுகள் சி1-இலும், நாலு மில்லிவினாடிக்கு மேல் நீளும் என்று கர்னல் கணிக்கும் ஓய்வுகள் சி7-இலும் போய்விடும்.

இதற்குச் சிபியுபவர் என்ற கருவி வேண்டும். டெபியனில் ‘லினக்ஸ்-சிபியுபவர்’, உபுண்டுவிலும் மின்டிலும் ‘லினக்ஸ்-டூல்ஸ்-ஜெனரிக்’ தொகுப்பை நிறுவுங்கள். பிறகு எட்டாவது படியில் சேர்த்ததைக் கோப்பிலிருந்து நீக்கி, கிரப்பைப் புதுப்பித்து, மறுதொடக்கம் செய்யுங்கள். நீக்காவிட்டால் சி7 பட்டியலிலேயே இருக்காது. வந்ததும்:

சிபியுபவர் -சி ஆல் ஐடில்-இன்ஃபோ

‘போல்’ (தூங்காமலே காத்திருக்கும் நிலை), சி1, சி6என், சி6எஸ், சி7, சி7எஸ் என்று ஆறு பெயர் வரும். எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குகிறது; ஆகவே இரண்டு சி6-களும் 2, 3. உங்கள் பட்டியல் வேறாக இருந்தால் அதன்படி எண்ணுங்கள், என் எண்ணைப் போடாதீர்கள். இப்போது அணைக்கலாம்:

சுடோ சிபியுபவர் ஐடில்-செட் -டி 2
சுடோ சிபியுபவர் ஐடில்-செட் -டி 3

மறுபடி ஐடில்-இன்ஃபோ பார்த்தால் அந்த இரண்டு பெயருக்கும் பக்கத்தில் அணைக்கப்பட்டதாகக் குறி இருக்கும். அதோடு விடாதீர்கள். ஒவ்வொரு நிலைக்கும் கீழே அது எத்தனை தடவை பயன்பட்டது என்று ஓர் எண் வரும். சி6என்னின் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு, பத்து நிமிடம் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பாருங்கள். சி1, சி7 எண்கள் எகிறியிருக்க வேண்டும்; சி6 இரண்டும் இம்மி நகராமல் அப்படியே இருக்க வேண்டும். எல்லாக் கருக்களுக்கும் பாருங்கள். முதல் கருவை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. ‘-சி ஆல்’ போடச் சொன்னது அதற்காகத்தான்.

பிறகு ஏழாவது படியை மறுபடியும் முதலிலிருந்து, அதே மூன்று மடங்கு. இந்த அமைப்பும் மறுதொடக்கத்தில் போய்விடும் என்பதால், நிலைத்தது என்று உறுதியானதும் குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில், முழு அதிகாரமுள்ள ரூட் பயனரின் பட்டியலில் எழுதலாம்:

சுடோ கிரான்டேப் -இ

திறக்கும் கோப்பின் கடைசியில் ஒரே வரியாக:

@ரீபூட் /யுஎஸ்ஆர்/பின்/சிபியுபவர் ஐடில்-செட் -டி 2; /யுஎஸ்ஆர்/பின்/சிபியுபவர் ஐடில்-செட் -டி 3

சிஸ்டம்டி சேவையாக எழுதுவதுதான் முறையானது என்பார்கள். எழுதத் தெரிந்தவர் எழுதிக்கொள்ளட்டும். புதியவர் ஒரு வரியில் பிழை செய்ய இடம் குறைவு என்பதால் நான் கிரானையே சொல்லித்தருகிறேன். இயங்கத் தொடங்கியதிலிருந்து இந்த வரி ஓடும்வரை கொஞ்ச நேரம் சி6 திறந்தே இருக்கும். அந்த இடைவெளியில் உறைந்தால் எட்டாவது படியோடு திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பை மூடித் திறந்த பிறகும் ஒரு தடவை ஐடில்-இன்ஃபோ பாருங்கள், குறி இருக்கிறதா என்று.

10. கர்னல் புதுப்பித்த பிறகு

உபுண்டுவில் சிபியுபவர் அந்தந்தக் கர்னல் பதிப்போடு கட்டுண்டது. கர்னல் புதுப்பிப்பு வந்து, அதற்குரிய டூல்ஸ் தொகுப்பு வராமல் போனால், ‘இந்தக் கர்னலுக்குச் சிபியுபவர் இல்லை’ என்ற எச்சரிக்கையோடு நின்றுவிடும். கிரானில் ஓடுவதால் அந்த எச்சரிக்கை உங்கள் கண்ணில் படாது. மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய பெட்டி திடீரென்று உறைந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. புதிய வன்பொருளுக்காக உபுண்டு தரும் எச்டபிள்யூஇ கர்னல் வைத்திருப்பவர்கள் அதற்கான தனி டூல்ஸ் தொகுப்பை நிறுவ வேண்டும்.

பெரிய பதிப்பு மாற்றம் வந்தால் எல்லாத் தடையையும் ஒருமுறை எடுத்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள். தேவையில்லாத மருந்தை வருடக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

11. சி1-இலும் உறைந்தால்

ஆறாவது படி 1 என்று காட்டியும் உறைந்தது என்றால் இது வேறு நோய். போட்டதை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் வரைகலைத் திரை இல்லாமல், எழுத்துத் திரையில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அதில் உறையவில்லையென்றால் கிராஃபிக்ஸ் பக்கம் தேடலாம். அதிலும் உறைந்தால் ராம், வட்டு, சார்ஜர் என்று வன்பொருளுக்கே திரும்ப வேண்டும். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை, ஆனால் யாருக்கும் தோன்றுவதில்லை.

12. அடியில் ஒரு சீட்டு

எல்லாம் முடிந்ததும் என்ன மாற்றினீர்கள், எந்தக் கோப்பில், எந்தத் தேதியில் என்று ஒரு சின்னச் சீட்டில் எழுதி லேப்டாப்பின் அடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்த வருடம் வேறு யாராவது லினக்ஸை அழித்துப் புதிதாக ஏற்றினால் இந்த அமைப்பெல்லாம் போய்விடும், சீட்டு இருக்கும். ஜெராக்ஸ் கடை லேப்டாப்பில் சி6 மட்டும்தான் அணைத்திருக்கிறது. அதன் அடியில் என் கையெழுத்தில் மூன்று வரி, அதற்கு மேல் அக்கா ஒட்டிய செலோடேப்.